செத்த காலேஜும் சில ஏடுகளும்

எழும்பூர் மியூசியத்துக்குச் சென்னை ஜனங்கள் ஒரு காலத்தில் வைத்திருந்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சிசாலைக்கு உயிர் காலேஜ். வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வருகிறவர்கள் உயிர் காலேஜைப் பார்த்துவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழச் செத்த காலேஜுக்குப் போவார்கள். படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும். கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கும். எனக்கு என்னவோ இதில் வெட்கப்பட ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. 1851இல் மியூசியம் ஏற்பட்டது. அதை முதலில் நிர்வகித்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் 1855இல் மியூசியத்தோடு சேர்த்து உயிருள்ள பிராணிகளையும் வைத்துக் காட்ட ஆரம்பித்தார். இரண்டு காலேஜும் ஒரே தோட்டத்தில் முளைத்தவைதாம். ஜனங்கள் பார்த்தார்கள்; எது மூச்சு விடுகிறது, எது விடவில்லை என்று பிரித்தார்கள்; பெயர் வைத்தார்கள். இரண்டே வார்த்தையில் இவ்வளவு நல்ல விமரிசனத்தை நம் பத்திரிகை விமரிசகர்கள் எழுதி நான் படித்ததில்லை.

இந்தப் பெயரை நான் இப்போது நினைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. தென் சென்னையில் சில வருஷங்களாகப் பழம்பொருள் கண்காட்சிகள் அதிகமாகிவிட்டன. மயிலாப்பூரில் சபா மண்டபங்களிலும், தியாகராய நகரில் கல்யாண மண்டபங்களிலும், அடையாற்றுப் பக்கம் கல்லூரித் தாழ்வாரங்களிலும் மூன்று நாள், ஐந்து நாள் என்று வைக்கிறார்கள். செப்பேடு, நாணயம், முதுமக்கள் தாழி, பூஜைப் பாத்திரம், எல்லாவற்றுக்கும் மேலாக ஓலைச்சுவடிகள். சமயச் சுவடிகள் என்றால் கூட்டம் அதிகம். நானும் போகிறேன். ஒன்றைக்கூடத் தவறவிடுவதில்லை என்றே சொல்லலாம். நான் புலவனல்லன், ஆராய்ச்சிக்காரனுமல்லன். கதை எழுதுகிறவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால், மனிதர்கள் விட்டுப் போன சாமான்களைப் பார்ப்பதுதான் கதை எழுதுகிறவனுடைய வேலை என்று பதில் சொல்வேன்.

இவ்வளவு பார்த்ததில் எனக்கு ஏற்பட்டிருக்கிற அபிப்பிராயம் ஒன்று. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் எல்லாப் பொருளும் ஒரே மாதிரிச் சாவதில்லை. சில பொருள்கள் பெட்டிக்குள் போனபிறகுதான் பிறக்கின்றன. சில அங்கே ஒருவாறு பிழைத்துக்கொள்கின்றன. ஏடு மட்டும் அங்கே தப்புவதே இல்லை.

பிறக்கிற பொருளுக்கு உதாரணம் எழும்பூரில் இருக்கிற செப்புத் திருமேனிகள். கோயிலில் உற்சவரை நாம் எப்போதாவது முழுசாகப் பார்த்திருக்கிறோமா? பட்டு, மாலை, கவசம், கற்பூரப் புகை எல்லாம் போக மிஞ்சுவது முகம், அதிலும் பாதி. பக்தனுக்கு அது போதும். சிற்பி செய்தது அவ்வளவு மட்டுமல்லவே! திருவெண்காட்டு அர்த்தநாரியைச் சுற்றி வந்து பார்க்கச் சொல்கிறேன். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. மூன்று கை உள்ள ஒரு உருவம் கோணலாகத் தோன்றவேண்டும், தோன்றவில்லை. ஆண் தோளிலிருந்து பெண் இடைக்கு வருகிற வழியில் எந்த இடத்தில் மாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முதுகுப் புறத்தை அர்ச்சகர்கூடச் சாவகாசமாகப் பார்த்திருக்க மாட்டார். திருவாலங்காட்டு நடராஜரின் போட்டோக்களைப் பாரிஸில் வைத்துக்கொண்டு ரோதான் என்ற பிரெஞ்சுச் சிற்பி 1913இல் ஒரு கட்டுரை எழுதினார். 1921இல் அது அச்சாயிற்று. அவர் சென்னைக்கு வந்ததில்லை. நடராஜர் மியூசியத்துக்கு வந்திராவிட்டால் அந்தப் போட்டோக்களும் இல்லை, கட்டுரையும் இல்லை. ஆகவே மியூசியம் என்றாலே உயிர்க்கொலை என்று பேசுகிற வைதீகர்களோடு நான் சேரமாட்டேன். தெய்வம் அங்கே உண்டா இல்லையா என்பது வேறு வழக்கு. கலை உண்டு.

மண்பாண்டம் பிழைத்துக்கொள்கிற ஜாதி. 2020 ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த புத்தகக் கண்காட்சியில் கீழடிக்கென்று ஒரு கூடம் போட்டிருந்தார்கள். பஸ் பிடித்துத் தியாகராய நகரில் துணி வாங்கப் போகவேண்டியவர்கள் எல்லாம் அங்கே வரிசையில் நின்றார்கள். கீழடியில் கிடைத்த ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் கீறியவை உண்டு. ஆதன் என்று ஒரு பெயர். குவிரன் ஆதன் என்று இன்னொன்று. மற்ற சாமான்களை ஜனங்கள் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். பெயர் என்று தெரிந்ததும் நிற்பார்கள். ஒரு பானைத் துண்டு, அதில் ஒரு மனுஷன் தன் பெயரைக் கீறியிருக்கிறான், இது என்னுடையது என்கிறான்: இவ்வளவு போதும், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட தூரம் ஒரு அடியாகிவிடுகிறது. 2023 மார்ச்சில் கீழடியிலேயே செட்டிநாட்டு வீட்டு மாதிரியில் ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கேயும் இந்த ஓடுகளின் முன்தான் குழந்தைகளைத் தூக்கிக் காட்டுகிறார்கள். காரணம் ஒன்றுதான்: ஓட்டில் உள்ளதை யாரோ படித்து, இன்றைய எழுத்தில் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே வார்த்தைதானே, சுலபமாக முடிந்துவிட்டது.

ஏட்டுக்கு வருவோம். ஏடு எதனால் ஆனது என்பதே கண்காட்சிக்கு வருகிற பாதிப் பேருக்குத் தெரிவதில்லை, சொல்வாரும் இல்லை. பனை ஓலையைப் பக்குவமாக வெட்டி, ஈர்க்கு நீக்கி, வேகவைத்தோ நிழலில் உலர்த்தியோ பதப்படுத்தி, வழவழப்பாகத் தேய்த்து, ஒரே அளவாக நறுக்கவேண்டும். தாளிப்பனையின் ஓலை இன்னும் அகலம், இன்னும் மெல்லிசு. எழுத்தாணியால் எழுதுவது எழுதுவதே அல்ல, கீறுவது. கீறிய ஏட்டில் எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. விளக்குக் கரியோடு கோவை இலைச்சாறு, மஞ்சள், வசம்பு என்று அவரவர் வழக்கப்படி சேர்த்துப் பூசித் துடைத்தால், கீறலில் மை தங்கி எழுத்து எழும்பும். இதற்கு மையாடுதல் என்று பெயர். குழந்தைக்குக் கண்ணில் மையிடுவதுபோல் புதுச் சுவடிக்கு மையாடுவது. துளையில் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்து, கயிற்று நுனி நழுவாமல் இருக்க ஓலைத் துண்டைக் கிளியின் மூக்குப்போல் நறுக்கி முடிந்துவிடுவார்கள். அதற்குக் கிளிமூக்கு என்றே பெயர். இந்தச் சொற்களில் ஒன்றைக்கூட நான் எந்தக் கண்காட்சிச் சீட்டிலும் பார்த்ததில்லை. ‘பனை ஓலை கையெழுத்துப் பிரதி’ என்று எழுதியிருக்கும். சுவடி என்று தமிழில் ஒரு வார்த்தை இருப்பதை மறந்து, இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழில் தேடி எடுத்து ஒட்டிய சீட்டு.

இது சின்ன விஷயம். பெரிய விஷயம் படிப்பு.

பழைய ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்பார்கள். குறில் எகரத்துக்கும் நெடில் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. ஒகரம் ஓகாரமும் அப்படியே. அந்த வித்தியாசத்தை எழுத்தில் கொண்டுவந்தவர் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் வீரமாமுனிவர், பதினெட்டாம் நூற்றாண்டில். ரகரமும் துணைக்காலும் ஒன்றே போல் இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி இல்லை. செய்யுளாயிருந்தாலும் அடி பிரித்து எழுதுவதில்லை; ஓலை முடிகிறவரை ஓடும். இதனால் என்ன ஆகிறது? எரி என்று எழுதினாலும் ஏரி என்று எழுதினாலும் ஏட்டில் ஒரே உருவம். நெருப்பா, நீரா என்பதைப் படிக்கிறவன்தான் தீர்மானிக்கவேண்டும். காகமும் கரகமும் ஒன்றே. உச்சியில் உட்கார்ந்திருப்பது பறவையா, தலையில் வைத்த கும்பமா என்பது அந்தப் பாட்டின் பொருள் தெரிந்தவனுக்குத்தான் தெரியும். சொல்லப்போனால், பாதிப் பாடம் ஓலையில் இருக்கிறது, மற்றப் பாதி படிக்கிறவன் தலையில் இருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் நாம் வைத்துப் பூட்டுவது முதல் பாதியை மட்டுமே.

மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பக்கத்தில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். நடத்தியவர்கள் நல்லவர்கள், சிரத்தையுள்ளவர்கள், பெயர் வேண்டாம். நீளமான மேஜைமேல் கண்ணாடி மூடி போட்டு, சிவப்புப் பட்டுத் துணி விரித்து, நடுவில் ஒரு சுவடியைப் பிரித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் சிறிய குத்துவிளக்கு, இரண்டு செவந்திப்பூ. ‘சைவ சமயச் சுவடி, காலம் தெரியவில்லை’ என்று சீட்டு. எனக்கு முன்னால் நின்ற ஒரு மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நகர்ந்தாள். ஒரு பையன் செல்போனில் படம் பிடித்தான். அதற்கடுத்து ஒரு பெரியவர். கதர் வேஷ்டி, மேல்துண்டு, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தார். நகரவே இல்லை. குனிந்து, உதடு அசைய, கண்ணாடிமேல் விரலால் கோடு இழுத்துக்கொண்டே இருந்தார்.

“தாத்தா, கண்ணாடியிலே கை வைக்காதீங்க” என்றாள் சட்டையில் சீட்டுக் குத்தியிருந்த பெண்.

“கை வைக்கலேம்மா, கண்ணுதான் வைக்கிறேன்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, இது சாமி சமாசாரம் இல்லே. மாட்டு வாகடம். வயிறு உப்பிப் படுத்துக்கிட்ட மாட்டுக்கு என்ன கொடுக்கிறதுன்னு சொல்லியிருக்கு” என்றார்.

“ஐயா, உங்களுக்கு இது படிக்கத் தெரியுமா?”

“அப்பா வைத்தியர். காலையிலே ரெண்டு ஏடு படிச்சுக் காட்டினாத்தான் சோறு. மன்னார்குடிப் பக்கம்.” சிறிது தயங்கினார். “இவங்க கிட்டே சொல்லணுமா, வேண்டாமா? பூவெல்லாம் வச்சிருக்காங்க.”

சொன்னார். அந்தப் பெண் நல்ல பெண். ஓடிப்போய் யாரையோ கூட்டிவந்தாள். வந்தவர் பெரியவருக்கு வணக்கம் சொன்னார், விலாசம் வாங்கிக்கொண்டார், நிபுணர்களைக் கலந்துகொண்டு மாற்றுவதாகச் சொன்னார். மறுநாளும் நான் போனேன். சீட்டு மாறவில்லை. பூ மட்டும் மாறியிருந்தது.

இந்தச் சம்பவத்தைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டதில் தப்பே இல்லை. மாட்டின் வயிற்றுவலிக்கு மருந்து எழுதி வைத்தவனைக் கும்பிடலாம், தேவாரம் எழுதியவனைக் கும்பிடுகிற அளவுக்கே கும்பிடலாம். அந்தச் சுவடியின் முதல் ஏட்டில் பிள்ளையார் சுழியும் காப்புச் செய்யுளும் இருந்திருக்கும். அதைக் கண்டு சைவ சமயம் என்று எழுதினார்களோ என்னவோ. எனக்கு வருத்தம் வேறு. ஒரு கூடத்தில் பத்துச் சுவடிகள், மூன்று நாளில் எத்தனையோ ஜனங்கள், மேடையில் மூன்று சொற்பொழிவுகள். அத்தனைக்கும் நடுவே ஏடு என்ன சொல்கிறது என்று கேட்ட ஒரே மனிதரைக் கை எடுக்கச் சொன்னோம்.

சமயச் சுவடி என்றால் என்ன என்பதைப் பற்றியே நமக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது. அது காட்சிப் பொருள் அல்ல, கேள்விப் பொருள். உ. வே. சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் ஒரு விஷயம் சொல்கிறார். 1880இல் கும்பகோணம் காலேஜில் வேலை. சிந்தாமணி என்ற ஜைன காவியத்தைப் படிக்க ஆரம்பித்து, சைவ மடத்தில் படித்த படிப்பெல்லாம் உதவாமல் திண்டாடுகிறார். ஊரிலே ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் மாவிலைத் தோரணம், கோலம். ஏதாவது விசேஷமா என்று கேட்டால், சிந்தாமணி பூர்த்தியாயிற்று என்கிறார்கள். ஆறு மாதமாகப் படித்துக் கேட்டு அன்று முடிந்ததாம். கல்யாணத்துக்குத் தோரணம் கட்டுவதுபோல் ஒரு புஸ்தகம் படித்து முடித்ததற்குத் தோரணம் கட்டியிருக்கிறார்கள்! நாவல் எழுதுகிறவன் யாராயிருந்தாலும் இந்த இடத்தைப் படித்தால் சற்றுப் பொறாமைப்படாமல் இருக்க முடியாது. ஊர் அறியாமல், பண்டிதர் அறியாமல், அந்த ஒரு வீட்டுக் கூடத்தில் சிந்தாமணி உயிரோடு இருந்தது. ஏடு அங்கே ஒரு சாதனம். படிக்கிற குரலும் கேட்கிற செவிகளும் சேர்ந்துதான் நூல். சாமிநாதையர் அவர்களிடம் சந்தேகம் கேட்டுத் தெளிந்து, 1887இல் சிந்தாமணியை அச்சிட்டார். விபூதி பூசிய மனிதர் ஒருவர் ஜைன நூலைக் கேட்டு, எழுதி, எல்லாருக்குமாகக் கொடுத்தார். இன்றைக்குச் சமயச் சுவடிக் கண்காட்சி வைக்கிறவர்கள் எந்தச் சமயம் எந்த மேஜை என்று காட்டுகிற அக்கறையை நினைத்தால் இந்தத் தோரணம் எனக்கு ஞாபகம் வருகிறது.

அவர் சேர்த்த சுவடிகள் இப்போது பெசன்ட் நகரில் அவர் பெயரால் உள்ள நூல் நிலையத்தில் இருக்கின்றன, இரண்டாயிரத்துக்கு மேல். அவர் காலமான மறுவருஷம், 1943இல், அடையாற்றில் பிரம்மஞான சபையின் தோட்டத்தில் ஆரம்பித்த நூல் நிலையம் அது. 1962இல் சொந்தக் கட்டடத்துக்கு வந்தது. கடற்காற்று வீசுகிற தெருவில் ஏட்டை வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமில்லை. புல்தைலம் தடவி, பூச்சி பார்த்து, வருஷம் தவறாமல் செய்துகொண்டிருக்கிற அந்த மாதிரி ஊழியர்களை யாரும் மேடையேற்றிச் சால்வை போர்த்துவதில்லை. போர்த்தவேண்டும்.

ஏடு எப்படி வாழ்ந்தது என்பதை நாம் மறந்துவிட்டோம். நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் கறையானுக்கும் ஈடுகொடுத்து ஒரு ஏடு இருநூறு முந்நூறு வருஷம் நிற்பதே அதிகம். அப்படியானால் ஆயிரம் வருஷத்து நூல் எப்படி வந்தது? பிரதி பண்ணிப் பண்ணி வந்தது. பழைய ஏடு நைந்தால் புது ஏட்டில் எழுதிக்கொண்டு, பழையதை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விடுவார்கள். அல்லது நெருப்பில் இடுவார்கள். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளைத் தேடிப்போன சாமிநாதையருக்கு, அவற்றை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் ஆகுதி செய்தாயிற்று என்று பதில் கிடைத்தது. அப்படிச் செய்யவேண்டுமென்று ஆகமத்தில் சொல்லியிருக்கிறதாம்! அவர் மனம் துடித்ததை எழுதியிருக்கிறார். படிக்கிற நமக்கும் துடிக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பிரதி பண்ணுகிறவன் இருந்த காலத்தில் அந்த நெருப்பு ஒரு மரியாதை, உடம்பை எரிப்பதுபோல. பிரதி பண்ணுகிறவன் போனபிறகு அதே சடங்கு கொலையாகிவிட்டது. அச்சு யந்திரம் வந்தது, எழுத்தாணி பிடித்தவன் வேறு வேலைக்குப் போனான், அவனோடு படிப்பும் போயிற்று. ஓலை மட்டும் மிஞ்சிற்று.

அந்த எழுத்தாணிக்காரனைப் பற்றி ஒரு வார்த்தை. சுவடியின் கடைசி ஏட்டில் அவன் பெரும்பாலும் தன்னைச் சொல்லிக்கொள்வான். இன்ன வருஷம், இன்ன மாதம், இத்தனாம் தேதி, கிழமை, நட்சத்திரம். இன்னார் கேட்க, இன்னார் மகன் இன்னான் எழுதி முடித்தது. பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுக்க. வருஷத்தின் பெயர் பிரபவ, விபவ என்று அறுபது வருஷ வட்டத்தில் வருவதால் எந்த நூற்றாண்டு என்று நிச்சயிப்பது கஷ்டம். உண்மை. ஆனால் ‘காலம் தெரியவில்லை’ என்று எழுதுவதற்குப் பதிலாக ‘ஒரு விரோதி வருஷம் தை மாதம் வெள்ளிக்கிழமை முடித்தான்’ என்று எழுதினால் ஆகாதா? தை மாதத்துக் குளிரில், விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, இடது கைப் பெருவிரல் நகத்தில் எழுத்தாணியை அணைத்து, கடைசி வரியைக் கீறிவிட்டு நிமிர்கிற ஒரு மனிதனை அந்தச் சீட்டு எனக்குத் தந்துவிடும். ஆதன் என்ற பெயருக்கு முன் நிற்கிற கூட்டம் இவன் பெயருக்கு முன்னும் நிற்கும். நம் காட்சிக்காரர்களோ எப்போதும் சுவடியின் நடு ஏட்டைப் பிரித்து வைக்கிறார்கள். அழகாக விரிகிறதாம்.

நம் பட்டணத்தில் சுவடிக்குக் குறைவில்லை. கர்னல் ஆல்காட் 1886இல் ஆரம்பித்த அடையாறு நூலகத்தில் ஏறக்குறைய 20,000 சுவடிகள். 1869இல் ஏற்பட்ட அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் 70,000க்கு மேல். மெக்கன்ஸி என்ற சர்வே அதிகாரி ஊர் ஊராக ஆள் அனுப்பிச் சேர்த்ததும், லெய்டன், பிரௌன் என்ற இரண்டு துரைகள் சேர்த்ததும் அதற்கு அஸ்திவாரம். சேப்பாக்கத்தில் வெகுகாலம் இருந்துவிட்டுக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அது குடிவந்தது. மயிலாப்பூர் சமஸ்கிருதக் கல்லூரி வளாகத்தில் குப்புஸ்வாமி சாஸ்திரி பெயரால் 1945இல் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையம். அந்த சாஸ்திரியார் 1935இல் சர்வகலாசாலையில் தொடங்கிவைத்த வேலை ஒன்று உண்டு: சமஸ்கிருதச் சுவடி எது எது உலகத்தில் எங்கே எங்கே இருக்கிறது என்று பெரும் ஜாபிதா. அவருக்குப் பின் டாக்டர் வே. ராகவன் அதற்காக ஐரோப்பா முழுவதும் நூலகம் நூலகமாக அலைந்தார். இவையெல்லாம் தவம். ஒரு வார்த்தை குறைத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது.

ஆனால் கண்காட்சித் திறப்பு விழாக்களில் இந்த எண்ணிக்கைகளைத்தான் சொல்கிறார்கள். இத்தனை ஆயிரம், அத்தனை ஆயிரம், உலகத்தில் வேறெங்கும் இல்லை. கைதட்டுகிறோம். அவற்றில் எத்தனை படிக்கப்பட்டன, படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர்களுக்கு வயசு என்ன என்று கேட்டால் கைதட்ட முடியாது. வீட்டில் நெல் இத்தனை மூட்டை இருக்கிறது என்று பெருமையடித்துக்கொள்கிறவன், சமைக்கத் தெரிந்தவள் யாருமில்லை என்பதைச் சொல்லாமல் விடுவது போன்றது இது.

பாதுகாப்பு நிபுணர் இங்கே குறுக்கிடுவார். ஏட்டைத் தொட்டால் ஒடியும். வெளிச்சம் பட்டால் வெளுக்கும். ஐம்பது லக்ஸுக்கு மேல் விளக்குக் கூடாது. எல்லாரும் புரட்டிப் படிக்கிறதாவது! அவர் சொல்வது சரி. காட்டுகிற ஆசையே பொருளைக் கெடுக்கும் என்பதற்கு எழும்பூரிலேயே சாட்சி உண்டு. அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சிற்பங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜனங்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று சிமெண்டு வைத்துச் சுவரோடு பதித்தார்கள். அந்தச் சிமெண்டே பிறகு கல்லுக்குச் சத்துருவாயிற்று. அசலைக் கையில் கொடு என்று நான் கேட்கவில்லை. ஜெருசலேமில் 1965இல் ஒரு மண்டபம் கட்டினார்கள். 1947 முதல் சாக்கடல் குகைகளில் கிடைத்த யூதச் சமயச் சுருள்களுக்கென்றே கட்டியது. அதன் நடுவில், எல்லாரும் சுற்றி நின்று பார்க்கும்படி விரித்து வைத்திருக்கிற ஏசாயா தீர்க்கதரிசியின் சுருள் நகல்தான். அசல் இருட்டில் பத்திரமாக ஓய்வெடுக்கிறது. நகல் என்று தெரிந்தும் ஜனங்கள் வருகிறார்கள். அங்கே உள்ள பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரிகிறது என்பதுதான் விசேஷம்.

நாமும் நகல் செய்யலாம். செய்வதற்குப் பனைமரம் இருக்கிறது, எழுத்தாணி செய்யக் கொல்லர் இருக்கிறார். அசல் உள்ளே ஒரு பெட்டியில் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே ஒரு புது ஓலை, கையில் எடுத்துத் தடவிப் பார்க்க. மையாடாத ஏடு ஒன்று, மையாடிய ஏடு ஒன்று. குழந்தைகள் தாங்களே கரி பூசித் துடைக்கட்டும். எழுத்து எழும்புகிறபோது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். பிரித்து வைத்த ஏட்டில் உள்ள நாலு வரியைப் புள்ளி போட்டு, சொல் பிரித்து, இன்றைய எழுத்தில் பெரிதாக எழுதி மேலே மாட்டலாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேடையில் மந்திரி பேசுகிற நேரத்தில் அரைமணி குறைத்து, படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து ஒரு ஏடு படிக்கச் சொல்லலாம். மைக் போதும், பொன்னாடை வேண்டாம். மயிலாப்பூரில் கச்சேரி கேட்கிற காதுகளுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. இதற்கெல்லாம் பெரிய செலவு கிடையாது. வாசல் அலங்கார வளைவுக்கு ஆகிற செலவில் பாதி போதும் என்று, எனக்குத் தெரிந்த பந்தல்காரர் ஒருவர் கணக்குப் போட்டுச் சொன்னார்.

இன்னொரு கட்சி உண்டு. இனிமேல் ஏட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம், எல்லாவற்றையும் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுகிறோம் என்கிறவர்கள். 2003இல் மத்திய அரசாங்கம் சுவடிகளுக்கென்று ஒரு தேசிய இயக்கம் ஆரம்பித்தது. 2025 பட்ஜெட்டில் ‘ஞான பாரதம்’ என்ற பெயரில் புதுத் திட்டம் அறிவித்தார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துப் படமாக்கிக் காப்பது என்று இலக்கு. நல்ல காரியம், கறையானுக்குக் கம்ப்யூட்டர் ருசிக்காது. எரியா, ஏரியா என்ற கேள்வி மட்டும் படத்திலும் அப்படியே இருக்கிறது. படம் எடுக்கிறவர் ஓலையின் முன்பக்கம் பின்பக்கம் மாறாமல் பார்த்துக்கொள்கிறார். ஏடு வரிசை மாறிக் கட்டியிருந்தால் அவருக்குத் தெரியாது. தெரிவதற்குப் படிக்கவேண்டும். சுவடி படிக்கச் சொல்லிக்கொடுக்கிற வகுப்புகள் சென்னையில் அங்கங்கே நடக்கத்தான் செய்கின்றன. ஆறு மாதம் சிரத்தையாக உட்கார்ந்தால் எழுத்துப் பிடிபட்டுவிடும், பொருள் பிடிபடத்தான் காலமாகும் என்று அவற்றில் படித்த ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் பாங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். இளைஞர்கள் வருகிறார்களா என்று கேட்டேன். முதல் வகுப்புக்கு நிறைய வருவார்களாம். அவரோடு சேர்ந்தவர்களில் கடைசிவரை நின்ற சிறு வயசுக்காரி ஒரே ஒரு பெண், ராயப்பேட்டையில் மருந்துக் கடையில் வேலை. டாக்டர் சீட்டுப் படித்துப் பழகின கண்ணாகையால் அவளுக்கு ஏடு சீக்கிரம் வந்துவிட்டது என்றார்.